லிவர் மாற்றி ஏழு வருஷம்: டாக்ரோ மாத்திரையை நிறுத்தலாமா?

14.01.2024, கேள்வி

அம்மாவுக்கு லிவர் மாற்றி ஏழு வருஷம் ஆகிறது. கொடுத்தது சின்னம்மா. இப்போது உடம்பு புது லிவரை எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் (டாக்ரோ) மட்டும்தான்: காலை 1 மி.கி., ராத்திரி 1 மி.கி. லிவர் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 24, பிலிரூபின் 0.8, இரண்டும் சரி. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மட்டும் 1.4 ஆகிவிட்டது, டாக்ரோ கிட்னியைப் பாதிக்குமாம். எங்கள் தெருவில் ஒருவர், மாற்று நடந்து மூன்றே வருஷத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். "கிட்னி மாதிரி இல்லை, லிவர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்" என்கிறார். அம்மாவின் கிட்னியைக் காப்பாற்ற நாங்களும் நிறுத்திப் பார்க்கலாமா அண்ணா?

14.01.2024, இரவு

நிறுத்த வேண்டாம் தம்பி. இன்று ராத்திரி மாத்திரையைக் கொடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

தெருக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்த மாத்திரை நின்றது? மாற்று முடிந்து வீட்டுக்கு வரும்போது கையில் பத்துப் பன்னிரண்டு வகை இருக்கும். அதில் பாதி தானாகவே நிற்க வேண்டியவை. பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் சில வாரங்களில் போகும். சி.எம்.வி. கிருமிக்கான வால்கான்சிக்ளோவிர் மூன்று மாதத்தில் போகும், ஆபத்து கூடியவர்களுக்கு ஆறு மாதம். நுரையீரல் தொற்றைத் தடுக்கும் கோ-டிரைமாக்சசோல் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை. எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனைப் பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் படிப்படியாக இறக்கிவிடுவார்கள். பிறகு, எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான மைகோஃபினோலேட்டும் பலருக்கு நின்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது டாக்ரோ ஒன்றுதான். பன்னிரண்டு ஒன்றானவுடன் "எல்லாம் நிறுத்தியாச்சு" என்றுதான் வாயில் வரும். அவர் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள், டாக்ரோ உள்ளே இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. அம்மாவின் பழைய லிவர் எதனால் கெட்டது என்று எழுதவில்லையே? கொழுப்பா, ஹெபடைடிஸ் பி-யா, உடம்பே தன் ஈரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூனா? அது தெரியாமல் மேற்கொண்டு உறுதியாகப் பேச முடியாது.

16.01.2024

"ஒட்டிக்கொள்ளும்" என்ற பேச்சு வெறும் தெருப்பேச்சு இல்லை. 1969-இல் இங்கிலாந்தில் ராய் கான் குழு, பன்றிகளுக்கு ஈரல் மாற்றியபோது மருந்தே இல்லாமல் பல பன்றிகள் நெடுநாள் வாழ்ந்ததைக் கண்டது. அதே கொடையாளிப் பன்றியின் தோலையோ சிறுநீரகத்தையோ வைத்தால்கூட உடம்பு பொறுத்துக்கொண்டது. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டார்சல், பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தபோது, சிலர் யாரிடமும் சொல்லாமல் பல வருஷங்களுக்கு முன்பே மருந்தை விட்டுவிட்டு நன்றாக இருப்பது தெரியவந்தது. அவர்கள் உடம்பில் கொடையாளியின் ரத்த அணுக்கள் சிறிதளவு கலந்து வாழ்வதையும் 1992-இல் அவர் குழு எழுதியது.

ஈரலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க போர்ட்டல் நாளம் வழியாக ஈரலுக்குள்தான் நுழைகிறது. சோறு, பால், பருப்பு, குடல் கிருமிகளின் துணுக்கு எல்லாம் அந்நியப் பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் சண்டைக்குப் போனால் உடம்பு தாங்காது. அதனால் ஈரலில் உள்ள துப்புரவு அணுக்களான குப்ஃபர் செல்களும் நுண்நாளச் சுவர் செல்களும் சண்டையைத் தணிக்கும் வகையில் அமைந்தவை. தாக்க வரும் எதிர்ப்பு அணுக்களான டி-செல்களில் பல அங்கேயே களைத்துச் சாகின்றன. ஈரல் தன் அடையாளப் புரதமான எச்.எல்.ஏ.வைக் கரைந்த நிலையில் ரத்தத்தில் விடுவதால், எதிர்க்க வரும் ஆன்டிபாடியில் ஒரு பங்கு அதிலேயே செலவாகிவிடுகிறது. கொஞ்சம் சேதமானாலும் மறுபடி வளர்ந்துகொள்ளும். சிறுநீரகத்துக்கு இந்த வசதிகள் இல்லை.

ஆக, விஷயம் உண்மை. கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இது நடக்கும்.

17.01.2024

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். "பாதிப்பேர்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியது தவறு. யாரை, எத்தனையாவது வருஷத்தில் என்று பிரித்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். விவரமாக எழுதுகிறேன், ஓரிரு நாள் பொறுங்கள்.

21.01.2024

பிட்ஸ்பர்கில் ஸ்டார்சல் குழு 95 பேருக்கு மருந்தை மெல்லக் குறைத்து 1997-இல் வெளியிட்ட கணக்கில், முழுக்க மருந்து நின்றவர்கள் 18 பேர்.

ஐரோப்பாவில் 2013-இல் வெளிவந்த பெரியவர்கள் ஆய்வு ஒன்று. மாற்று நடந்து மூன்று வருஷம் தாண்டியவர்களை மட்டும் எடுத்தார்கள். கணக்கில் வந்த 98 பேரில் 41 பேர் மருந்தின்றி நின்றார்கள், 57 பேருக்கு ரிஜெக்ஷன், அதாவது உடம்பு புது ஈரலைத் தாக்குவது, வந்தது. மருந்தை மீண்டும் தொடங்கியதும் அடங்கியது, யாருக்கும் ஈரல் பறிபோகவில்லை. என் "பாதி" இங்கிருந்துதான் வந்தது. ஆனால் அந்த 41 பேர் யார் என்று பார்த்தால் படம் மாறுகிறது. மாற்று நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களில் பெரும்பான்மையோருக்குக் கைகூடியது. ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களில் மிகச் சிலருக்கே.

அமெரிக்காவில், மாற்று நடந்து ஒன்றிரண்டு வருஷத்திலேயே குறைக்கத் தொடங்கிய ஆய்வு 2019-இல் வந்தது. 77 பேரில் வென்றது 10 பேர். தெருக்காரர் சொல்லும் "மூணு வருஷம்" எவ்வளவு சீக்கிரம் என்று இதை வைத்துப் பாருங்கள்.

குழந்தைகள் கணக்கு வேறு. தாயோ தகப்பனோ கொடுத்த ஈரலோடு வாழும் 20 குழந்தைகளை எடுத்த 2012-ஆம் வருஷ ஆய்வில் 12 பேர் மருந்தில்லாமல் நின்றார்கள். அங்கேயும் மாற்றுக்குப் பின் அதிக நாள் காத்திருந்தவர்களே வென்றார்கள். அந்த 60 சதவீதம் எல்லோரையும் மகிழ்வித்தது. பிறகு அதே குழு பல மையங்களில் 88 குழந்தைகளிடம் செய்தபோது 33 ஆக, அதாவது 37.5 சதவீதமாக இறங்கியது. சின்ன ஆய்வின் நல்ல செய்தியைப் பெரிய ஆய்வு வரும்வரை கையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இந்த ஆய்வுகளில் "வென்றார்" என்றால், மருந்து முழுக்க நின்று ஒரு வருஷம் கழித்தும் ஈரல் நன்றாக இயங்குவது. மூன்று மாதம் நன்றாக இருந்தேன் என்பது கணக்கில் சேராது.

02.02.2024

"எஸ்.ஜி.பி.டி. 24 தானே, அப்புறம் என்ன பயம்?" என்று கீழே இருவர் கேட்டிருக்கிறீர்கள். இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

மேலே சொன்ன 88 குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும் முன், 157 குழந்தைகளுக்கு பயாப்ஸி எடுத்தார்கள். எல்லோருக்கும் எல்.எஃப்.டி. என்ற ஈரல் ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது. ஊசியில் வந்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் பலருக்கு உள்ளே அழற்சி, தழும்பு. அவர்களையெல்லாம் தொடக்கத்திலேயே விலக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் கியோட்டோ குழுவும் இதையே பார்த்தது: மருந்து நின்று வருஷக்கணக்கில் நன்றாக இருந்த குழந்தைகளில் சிலருக்கு, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே ஈரலில் நார்த்தழும்பு கூடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

எஸ்.ஜி.பி.டி. என்பது செல் உடைந்தால் வெளியே சிந்தும் பொருளின் அளவு. மெல்ல மெல்ல நார் படிவதை அது காட்டாது. அதனால்தான் பயாப்ஸி இல்லாமல் எந்த ஒழுங்கான குழுவும் குறைக்கத் தொடங்காது, ஒரு வருஷம் கழித்து மறுபடி பயாப்ஸி பார்க்காமல் "வெற்றி" என்று சொல்லாது. கொடையாளிக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனையும் கூடவே நடக்கும். டி.எஸ்.ஏ. என்பார்கள், அதில் டி.கியூ. என்ற எச்.எல்.ஏ. வகைக்கு எதிரானது புதிதாகத் தோன்றுகிறதா என்று குறிப்பாகப் பார்ப்பார்கள்.

03.02.2024

ரத்தத்தில் டாக்ரோ எவ்வளவு என்று பார்க்கும் லெவல் பரிசோதனைக்கு ரத்தம் எப்போது எடுப்பது என்று கேட்டவருக்கு: ராத்திரி 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு, காலை மாத்திரை போடுவதற்கு முன். அந்த மாத்திரையைக் கையில் எடுத்துப் போங்கள், ரத்தம் கொடுத்தவுடன் அங்கேயே போட்டுவிடலாம். ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாகப் போக வேண்டும். மாத்திரை போட்ட பின் ரத்தம் கொடுத்தால் 5 வர வேண்டிய இடத்தில் 12 வரும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் அடுத்த மாதம் ரிஜெக்ஷனில் முடியலாம். "லெவல் சரியில்லை" என்று வரும் பல தாள்களுக்கு இதுதான் காரணம். எந்த மணிக்கு மாத்திரை, எந்த மணிக்கு ரத்தம் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

19.02.2024

குறைக்கும் முறை எப்படி இருக்கும் என்று பலர் கேட்கிறீர்கள். ஆய்வு மையங்களில் நடப்பதை எழுதுகிறேன். வாரம் ஒரு ரத்தத்தாளைப் பார்க்க ஆளும், மறுநாளே பயாப்ஸி எடுக்க வசதியும் இருக்கும் இடத்துக்கானது இது. வீட்டில் செய்ய அல்ல.

உள்ளே வரத் தகுதி: பெரியவர்களுக்குக் குறைந்தது மூன்று வருஷம், குழந்தைகளுக்கு நான்கு. ஒரே ஒரு மருந்தில் இருக்க வேண்டும். சமீபத்தில் ரிஜெக்ஷன் வந்திருக்கக் கூடாது. ஆட்டோஇம்யூன் ஈரல் நோய் இருந்திருக்கக் கூடாது. பயாப்ஸி சுத்தமாக இருக்க வேண்டும்.

வேகம்: 2012 ஆய்வில் முழுக்க நிறுத்த 36 வாரத்துக்குக் குறையாமல் எடுத்தார்கள். ஒரு நாளைக்கு 2 மி.கி. எடுப்பவர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படிக்கும் சில வாரம் விட்டு, 1.5, பிறகு 1, பிறகு ஒரே வேளை 0.5, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு, பிறகு பூஜ்யம். இடையில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்.எஃப்.டி., பித்தக் குழாய் பாதிப்பைக் காட்டும் ஜி.ஜி.டி.யையும் சேர்த்து. நின்ற பிறகும் மாதம் தவறாமல்.

எங்கே வழுக்கும்? பெரும்பாலும் கடைசிப் படிகளிலும், நின்ற முதல் சில மாதங்களிலும். ரிஜெக்ஷன் தொடங்கும்போது வலி இருக்காது, காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. முதலில் எஸ்.ஜி.பி.டி.யும் ஜி.ஜி.டி.யும் ஏறும். மஞ்சள் காமாலை, சிறுநீர் நிறம் மாறுவது, அரிப்பு எல்லாம் தாமதமாக வருபவை. பயாப்ஸியில் மூன்று இடத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள்: போர்ட்டல் பகுதி அழற்சி, பித்தக் குழாய்ச் சேதம், நாளச் சுவர் அழற்சி. மொத்தம் 9. லேசானது என்றால் டாக்ரோவை ஏற்றினாலே அடங்கும். அதற்கு மேல் என்றால் மீத்தைல் பிரெட்னிசோலோன் 500 மி.கி. அல்லது 1 கிராம், நரம்பு வழியாக மூன்று நாள்.

பயப்பட வேண்டியது அடுத்தது. சின்னப் பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக மறைந்து, பாதிக்கும் மேற்பட்ட போர்ட்டல் பகுதிகளில் குழாயே இல்லாமல் போவது. இது நாள்பட்ட ரிஜெக்ஷன். இந்தக் கட்டத்தில் மருந்தைத் திரும்பத் தொடங்கினாலும் பெரும்பாலும் பயன் இருக்காது, மறுமாற்றுதான் வழி. ஆய்வில் 57 பேருக்கு ரிஜெக்ஷன் வந்தும் யாருக்கும் ஈரல் போகவில்லை என்றால், அது கண்காணிப்பின் பலன். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தி, ஆறு மாதம் ரத்தம் பார்க்காமல் இருப்பவருக்கு அந்த எண் பொருந்தாது.

05.03.2024

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இதுவும் நிறுத்துவதுதான், தெரியாமல் நிறுத்துவது.

டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், டாக்ரோவை ஈரல் உடைத்துத் தள்ளும் வேகத்தை ஏற்றிவிடும். மாத்திரை தவறாமல் உள்ளே போகும், லெவல் மட்டும் தரையில் கிடக்கும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டும் அப்படியே. எதிர்த்திசையில் ஏற்றுபவை: ஃப்ளுகோனசோல், வோரிகோனசோல், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பி.பி.க்கான டில்டியாசெம். இவற்றைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் லெவல் பார்க்க வேண்டும். பூஞ்சை மாத்திரை முடிந்த இரண்டாவது வாரம் லெவல் சரிந்து, எஸ்.ஜி.பி.டி. ஏறி, ஏன் என்று புரியாமல் நிற்பவர்கள் உண்டு.

பழத்தில் பம்பளிமாசும் கிரேப்ஃப்ரூட்டும் கூடாது, லெவலை ஏற்றும். பேதி பிடித்தாலும் லெவல் ஏறும், குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் இரண்டும் டாக்ரோவோடு சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் அம்மாவுக்கு உண்டா தம்பி? 1.4-க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சீந்தில் கொடி வேண்டவே வேண்டாம். "எதிர்ப்பு சக்தி கூடும்" என்பதுதான் அதற்குச் சொல்லும் சிறப்பு. மாற்று ஈரல் உள்ளவருக்கு அதே சிறப்பு ஆபத்து. 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டுவந்த, ஈரல் மாற்றாத சாதாரண மனிதர்களுக்கே ஆட்டோஇம்யூன் போன்ற ஈரல் அழற்சி வந்ததை எழுதினார்கள். கீழாநெல்லியானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம்.

06.03.2024

03.02 குறிப்பில் 12 மணி நேரம் என்று எழுதியது இருவேளை காப்ஸ்யூலுக்கு மட்டும். ஒருநாளைக்கு ஒரே வேளை என்று வரும் நீள்வெளியீட்டு வகைக்கு 24 மணி நேரம் கழித்து, அடுத்த டோஸுக்கு முன். இரண்டும் ஒரே மருந்து, பெயரும் பெட்டியும் ஒன்றுபோலத் தெரியும். கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கம்பெனி மாறினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் லெவல் பாருங்கள். இதைச் சுட்டிக்காட்டிய வாசகிக்கு நன்றி.

28.04.2024

பெரிய பிள்ளைகளின் பெற்றோருக்கு. குழந்தையில் பித்தக்குழாய் அடைப்புக்காக மாற்றிய பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதில் தாங்களே மாத்திரையைப் பொறுப்பெடுக்கும்போதுதான் டோஸ்கள் விடுபடும். சராசரி லெவலைப் பார்த்தால் தெரியாது. ஒரு கணக்கு சொல்கிறேன்.

ஒரு பெண்ணின் கடைசி நான்கு லெவல்: 5.5, 6, 6.5, 6. ஒரு பையனுடையது: 3, 9, 4, 8. இரண்டுக்கும் சராசரி 6. திட்டவிலக்கம் எடுங்கள்: அவளுக்கு 0.4, அவனுக்கு 2.9. இந்த எண் 2-ஐத் தாண்டினால் ரிஜெக்ஷன் வாய்ப்புக் கூடுகிறது என்று 2017-இல் அமெரிக்கப் பல மைய ஆய்வு ஒன்று காட்டியது. பையன் வாரத்தில் நாலைந்து டோஸ் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முன்தினம் ஒழுங்காகப் போடுகிறான் என்றால் இப்படித்தான் தெரியும். திட்டாதீர்கள், திட்டினால் பொய்தான் வரும். ராத்திரி வேளையா, காலை வேளையா எது விடுபடுகிறது என்று கேளுங்கள். ராத்திரி வேளை என்றால் ஒருவேளை வகைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் பேசலாம். விட்டுப்போன டோஸுக்கு அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடுவது கூடாது.

11.06.2024

எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். அம்மாவின் கேள்வி சிறுநீரகம்தானே. அந்தக் கவலை நியாயமானது: 2003-இல் வந்த பெரிய அமெரிக்கக் கணக்கில், ஈரல் மாற்றியவர்களில் ஐந்து வருஷத்துக்குள் 18 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் நாள்பட்டுச் செயலிழந்தது.

ஆனால் அதற்கு மருந்தை நிறுத்துவது மட்டும் வழி இல்லை. முதல் மாதத்தில் 8, 10 என்று வைத்திருக்கும் லெவலை, வருஷங்கள் கழித்து நிலையாக இருப்பவருக்கு 3 முதல் 5 வரை இறக்கி வைக்கும் மையங்கள் நிறைய. டாக்ரோவைக் குறைத்துக்கொண்டு மைகோஃபினோலேட் சேர்க்கலாம்: வெள்ளை அணு குறைகிறதா, பேதி வருகிறதா என்று பார்க்க வேண்டும், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு ஆகாது, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் ஆறு வாரம் முன்பே மாற்ற வேண்டும். எதிர்ப்பை அடக்கும் எவெரோலிமஸ் சேர்க்கலாம்: வாய்ப்புண் வரும், கொழுப்பு ஏறும், சிறுநீரில் புரதம் போகும், அறுவை சிகிச்சை வந்தால் புண் ஆறத் தாமதமாகும். கிரியேட்டினின் 1.4-இல் இருக்கும்போது இந்த மாற்றத்தைச் செய்தால் பலன் உண்டு. 3-க்குப் போன பிறகு அதே மாற்றத்தால் கிடைப்பது கொஞ்சமே.

ஹெபடைடிஸ் பி-யால் மாற்றியவர்கள் ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்ரோ குறைந்தாலும் நின்றாலும், வைரஸை அடக்கும் என்டெகாவிர், டெனோஃபோவிர் நிற்காது.

17.08.2024

புதிய வழிகளைப் பற்றிக் கேட்ட நண்பருக்குச் சுருக்கமாக. ஜப்பானில் ஹொக்கைடோ குழு, நோயாளியின் சொந்த அணுக்களைக் கொடையாளி அணுக்களோடு வளர்த்து, சண்டையை அடக்கும் டி-செல்களாக்கித் திரும்ப ஏற்றியது. 2016-இல் வெளிவந்தது. 10 பேரில் 7 பேர் மருந்தில்லாமல் நின்றார்கள். தோற்ற மூவருக்கும் பழைய ஈரலைக் கெடுத்த நோய் ஆட்டோஇம்யூன் வகை. சிட்னியில் ஒரு சிறுமிக்கு மாற்றுக்குப் பின் ரத்த வகையே ஓ நெகடிவிலிருந்து ஓ பாசிடிவாக, கொடையாளியுடையதாக, மாறிவிட்டது. 2008-இல் வெளியான செய்தி. மருந்து முழுக்க நின்றது. அது தானாக நடந்தது, யாராலும் திரும்ப நடத்திக்காட்ட முடியவில்லை.

02.09.2024, கேள்வி கேட்டவர்

அண்ணா, பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். அம்மாவின் ஈரல் போனது ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸால். தெருக்காரர் பெட்டியையும் பார்த்தோம், டாக்ரோ 0.5 இருவேளையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அம்மா முட்டிக்கு டைக்ளோஃபெனாக் வாரம் இரண்டு மூன்று போட்டது உண்மை.

02.09.2024

அப்படியென்றால் தம்பி, 21.01-இல் எழுதிய எண்கள் எதுவும் அம்மாவுக்குப் பொருந்தாது. அந்த வகையினரைப் பெரும்பாலான ஆய்வுகள் வாசலிலேயே நிறுத்திவிட்டன. காரணம் இரட்டை: மாற்று ஈரலை எதிர்ப்பது ஒன்று, பழைய நோய் புது ஈரலில் திரும்ப வருவது இன்னொன்று. பயாப்ஸியில் இரண்டையும் பிரித்தறிவதே கடினம். முழுக்க நிறுத்தும் பேச்சை அம்மா விஷயத்தில் விட்டுவிடுங்கள். இந்த வகையினருக்குச் சில மையங்கள் பிரெட்னிசோலோன் 5 மி.கி.யைக்கூட நிறுத்துவதில்லை.

சிறுநீரகத்துக்கு வழி இருக்கிறது. டைக்ளோஃபெனாக் இன்றோடு போகட்டும், வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து கிரியேட்டினினும், சரியான நேரத்தில் எடுத்த டாக்ரோ லெவலும் ஒரே நாளில் பாருங்கள். அந்த இரண்டு தாளோடு போய், "டாக்ரோவைக் குறைத்து அசாதயோப்ரினோ மைகோஃபினோலேட்டோ சேர்க்க முடியுமா" என்று கேளுங்கள். அசாதயோப்ரின் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்கே பழைய மருந்து என்பதால் அம்மாவுக்கு இரட்டைப் பயன் இருக்கலாம். அதைத் தொடங்கினால், யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ அம்மா எடுக்கிறாரா என்று முதலில் சொல்லுங்கள். அவற்றில் எது அசாதயோப்ரினோடு சேர்ந்தாலும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். முட்டி வலிக்காரர்களுக்கு அது யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

02.09.2024, இரவு

தெருக்காரரின் 0.5 மாத்திரையை அவரும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது என்று கேட்டு எழுதுங்கள்.